அந்நியம் என்னும் சொல்: தமிழில் இருத்தலியச் சிந்தனையும் ஊதியமில்லா இதழாளர்களும்

ஆய்வுச் சுருக்கம்

தமிழில் இருத்தலியச் சிந்தனை பல்கலைக்கழகத் தத்துவத் துறைகளின் வழியாக வந்ததைவிட, பகலில் வேறு தொழில் பார்த்துக்கொண்டு மாலை நேரத்தையும் கைப்பணத்தையும் செலவிட்ட இதழாளர்கள், மொழிபெயர்ப்பாளர்கள், பதிப்பாளர்கள் வழியாகவே பெரிதும் வந்துசேர்ந்தது. 1959 முதல் 1981 வரையிலான காலப்பகுதியை மையமாகக் கொண்டு, அவ்வருகை எத்தகைய சொற்களையும் விவாதங்களையும் உருவாக்கியது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. அச்சிந்தனை ஓர் 'அந்நியச் சரக்கு' என்ற குற்றச்சாட்டு எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதும், வடசென்னையின் துறைமுக, தொழிற்சாலை உலகம் அவ்விதழாளர்களின் பார்வைக்கு ஏன் எட்டவில்லை என்பதும் பரிசீலிக்கப்படுகின்றன.

திறவுச் சொற்கள்: இருத்தலியம், சிறுபத்திரிகை, அந்நியமாதல், க்ரியா, தத்துவ விவேசினி, வடசென்னை

முன்னுரை

1970ஆம் ஆண்டு எண்ணூர் அனல்மின் நிலையம் மின்னுற்பத்தியைத் தொடங்கியது. அதே ஆண்டு அக்டோபரில் திருவல்லிக்கேணியைச் சேர்ந்த சில நண்பர்கள் 'வல்லின மாத ஏடு' என்ற அறிவிப்புடன் 'கசடதபற' இதழைக் கொண்டுவந்தனர். முதல் நிகழ்வு தொழில் வரலாற்றிலும் இரண்டாவது இலக்கிய வரலாற்றிலும் இடம்பெறுவன. இவ்விரண்டையும் ஒரே பத்தியில் வைத்துப் பேசும் வழக்கம் இல்லை. ஆயினும் இரண்டும் ஒரே நகரத்தில், ஒரே கடற்கரையின் இரு பகுதிகளில் நிகழ்ந்தவை. ஒன்று உழைப்பின் புதிய வடிவத்தை நகரத்திற்குக் கொண்டுவந்தது. மற்றொன்று மனிதன் தன் வாழ்விலிருந்தே விலகி நிற்கும் நிலையைப் பற்றிப் பேசுவதற்கு வேண்டிய மொழியைத் தேடிக்கொண்டிருந்தது.

இருத்தலியம் தமிழுக்கு வந்த வரலாறு பொதுவாக நூற்பட்டியலாகவோ, புதுக்கவிதை வரலாற்றின் ஓர் அடிக்குறிப்பாகவோ சொல்லப்படுகிறது. யார் செலவில், எந்த நேரத்தில், எந்தத் தேவையால் அது தமிழில் எழுதப்பட்டது என்ற கேள்வி எழுப்பப்படுவது அரிது. இக்கேள்வியைப் பொருளாதாரம் சார்ந்த சிறு விவரம் என்று ஒதுக்கிவிட இயலாது. ஒரு தத்துவத்தைப் பேராசிரியர் பாடமாக நடத்துவதற்கும், அலுவலகத்திலிருந்து திரும்பிய ஒருவர் தாள் கடைக்குக் கடன் வைத்து அச்சிடுவதற்கும் வேறுபாடு உண்டு. அவ்வேறுபாடு அத்தத்துவத்தின் உள்ளடக்கத்தையும் தொடுகிறது.

நாற்காலி இல்லாத தத்துவம்

இருத்தலியத்தின் முன்னோடியாகக் கருதப்படும் டென்மார்க் நாட்டுச் சிந்தனையாளர் கீர்க்கெகார்ட் (1813–1855) எந்தப் பல்கலைக்கழகத்திலும் பதவி வகித்தவர் அல்லர். வணிகரான தந்தை விட்டுச்சென்ற செல்வத்தைக் கொண்டு வாழ்ந்தும் நூல்களை அச்சிட்டும் வந்தார். வாழ்வின் கடைசி ஆண்டில், டென்மார்க்கின் அரசுத் திருச்சபையை எதிர்த்துக் 'கணம்' என்று பொருள்படும் பெயரில் ஓர் இதழை நடத்தினார். ஆசிரியரும் கட்டுரையாளரும் அவர் ஒருவரே. ஒன்பது இதழ்கள் வெளிவந்தன. அவர் நோயுற்று விழுந்தபோது பத்தாம் இதழுக்கான கைப்படி மேசைமீது ஆயத்தமாக இருந்தது. நீட்சே 1879இல் பாசெல் பல்கலைக்கழகப் பதவியிலிருந்து விலகினார். 'சரதுஸ்திரா'வின் நான்காம் பகுதியை 1885இல் தம் செலவில் ஏறத்தாழ நாற்பது பிரதிகள் மட்டும் அச்சிட்டு, தெரிந்தவர்களுக்கு அனுப்பினார். தமிழ்ச் சிறுபத்திரிகைகள் பலவற்றின் அட்டையில் இடம்பெற்ற 'தனிச்சுற்றுக்கு மட்டும்' என்ற தொடர் அந்த நாற்பது பிரதிகளுக்கும் நன்கு பொருந்தும்.

சார்த்தர் உயர்நிலைப் பள்ளியில் தத்துவம் கற்பித்தவர். 1945 அக்டோபரில் அவரும் சிமோன் த பொவாரும் நண்பர்களும் தொடங்கிய இதழும், அதே மாதம் 29ஆம் நாள் பாரிஸில் அவர் நிகழ்த்திய பொதுச் சொற்பொழிவுமே இச்சிந்தனையைத் தெருவுக்குக் கொண்டுவந்தன. ஆல்பெர் காம்யு பத்திரிகையாளர். அதற்கு முன்பு அல்ஜியர்ஸ் நகரில் சிறுசிறு அலுவலக வேலைகள் பார்த்தவர். ஹைடெக்கரும் யாஸ்பர்ஸும் பேராசிரியர்களே என்பதை மறுக்க வேண்டியதில்லை. எனினும் அவ்விருவரின் வழியாக இச்சிந்தனை தமிழை வந்தடையவில்லை. தமிழ் வாசகர் முதலில் அறிந்தவர்கள் நாவலும் நாடகமும் எழுதிய காம்யுவும் சார்த்தரும்தான்.

இருத்தலியத்திற்கும் அதைத் தம் விருப்பத்தால் மட்டும் சுமப்பவர்களுக்கும் இடையே ஓர் இயல்பான உறவு இருப்பதாகத் தோன்றுகிறது. தேர்வுக்குரிய பாடமாக இல்லாத ஒன்றை, யாரும் கேட்காமலே, ஒருவர் தம் பொறுப்பில் எடுத்துக்கொள்கிறார். பொறுப்பு, தேர்வு ஆகிய சொற்கள் அத்தத்துவத்தின் மையச் சொற்கள் என்பது இங்கே நினைவுகூரத்தக்கது.

சென்னையின் முன்வரலாறு

தத்துவத்தைத் தம் செலவில் அச்சிட்டு விற்கும் வழக்கம் சென்னையில் 'எழுத்து'க்கு முக்கால் நூற்றாண்டுக்கு முன்பே இருந்தது. சென்னை இலௌகிக சங்கத்தினர் 1882 முதல் 1888 வரை 'தத்துவ விவேசினி' என்னும் தமிழ் இதழையும், 'திங்கர்' என்னும் ஆங்கில இதழையும் நடத்தினர். இங்கிலாந்தில் சார்லஸ் பிராட்லா முன்னெடுத்த மதச்சார்பற்ற சுயசிந்தனை இயக்கமே அவர்களுக்கு முன்மாதிரி. ஆன்மா உண்டா, உலகைப் படைத்தவர் எவர், சாதிக்கு அடிப்படை யாது என்பன போன்ற வினாக்கள் அவ்விதழில் விவாதிக்கப்பட்டன. 'இந்துமத ஆசார ஆபாச தரிசனி' எழுதிய அத்திப்பாக்கம் வெங்கடாசல நாயகர் அவ்வட்டத்தைச் சேர்ந்தவர். வீ. அரசு அவ்விதழ்களைத் தேடித் தொகுத்துப் பல தொகுதிகளாகப் பதிப்பித்த பின்னரே இவ்வரலாறு பரவலாக அறியப்பட்டது. ஒரு நூற்றாண்டுக் காலம் அது ஏறத்தாழ மறக்கப்பட்டிருந்தது என்பதே ஊதியமில்லா இதழின் நிலையாமையைக் காட்டும்.

அவர்களது நாத்திகம் நம்பிக்கை நிறைந்தது. கடவுள் இல்லை என்பது நிறுவப்பட்டால் மனிதன் விடுதலை பெறுவான், அறிவியல் வழிகாட்டும் என்று அவர்கள் கருதினர். சிங்காரவேலர் 'குடிஅரசு' இதழிலும், பின்னர் 1935இல் தாம் தொடங்கிய 'புது உலகம்' இதழிலும் எழுதிய தத்துவ, அறிவியல் கட்டுரைகளிலும் இதே தெளிவைக் காணலாம். சார்த்தரின் நாத்திகமோ அத்தகையதன்று. கடவுள் இல்லை என்பது அவருக்குச் சுமையைக் கூட்டும் செய்தி. வழிகாட்டும் விழுமியம் எதுவும் முன்கூட்டியே இல்லை என்பதால், மனிதன் செய்யும் ஒவ்வொரு தேர்வுக்கும் அவனே பொறுப்பாகிறான்.

தமிழகத்தில் இருத்தலியம் கால்வைத்தபோது நாத்திகம் இங்கே புதுமையாக இல்லை. நீட்சேயின் கதையில் கடவுள் இறந்த செய்தியைச் சந்தையில் அறிவிப்பவன் பித்தன். கூட்டம் அவனைப் பார்த்து நகைக்கிறது. சென்னையில் அச்செய்தி ஒலிபெருக்கி வைத்த பொதுக்கூட்டச் செய்தி, கூட்டம் கைதட்டியது. 1949 செப்டம்பரில் திராவிட முன்னேற்றக் கழகத்தின் தொடக்கக் கூட்டம் நடந்த இராயபுரம் ராபின்சன் பூங்கா போன்ற திடல்களில் மதமும் கடவுளும் விவாதப் பொருளானது அன்றாட நிகழ்ச்சி. எனவே ஐரோப்பாவில் இருத்தலியம் எழுப்பிய அதிர்ச்சி தமிழில் கடவுளைப் பற்றியதாக அமையவில்லை. தமிழில் அது அலுவலகம், குடும்பம், விடுதி அறை, பேருந்து நிறுத்தம் ஆகியவற்றைப் பற்றியதாக அமைந்தது. ஜி. நாகராஜனின் 'நாளை மற்றுமொரு நாளே' (1974) நாவலில் ஒரு நாளின் பொருளின்மை விளிம்புநிலை வாழ்வின் ஊடே காட்டப்படுகிறது. அங்கே கடவுள் ஒரு பிரச்சினையே இல்லை.

மற்றொரு முன்வரலாறும் உண்டு. திருவொற்றியூர்க் கடற்கரையில் பட்டினத்தாரின் சமாதி இருக்கிறது. செல்வ வணிகர் ஒருவர், காதறுந்த ஊசியும் தம்முடன் வாராது என்பதை உணர்ந்து துறவு பூண்ட கதையைத் தமிழர் அறிவர். இருத்தலியத்தைத் தமிழில் முதன்முறையாகக் கேட்பவர் பலர், இது நம் நிலையாமைக் கொள்கைதானே என்று கூறுவதற்கு இம்மரபே காரணம். இவ்வொப்புமை கவர்ச்சியானது, ஆனால் பிழையானது. தொல்காப்பியத்தின் காஞ்சித் திணை முதல் திருக்குறளின் நிலையாமை அதிகாரம் வரை, அழிவைச் சுட்டுவது அழியாத ஒன்றின்பால் மனத்தைத் திருப்புவதற்காகவே. பட்டினத்தாருக்கு ஒற்றியூரில் இறைவன் இருக்கிறான். காம்யுவின் சிசிபசுக்குப் பாறை மட்டுமே இருக்கிறது. அவன் துறவு பூணவில்லை. மீண்டும் மலையடிவாரத்திற்கு இறங்கி வேலையைத் தொடர்கிறான். துறவுக்கும் இவ்விறக்கத்திற்கும் இடையிலான தொலைவைக் குறைத்துக் காட்டும் ஆய்வுகள் இரு மரபுகளுக்கும் நீதி செய்வன அல்ல.

'எழுத்து' முதல் க்ரியா வரை

சி.சு. செல்லப்பா 1959 ஜனவரியில் தொடங்கிய 'எழுத்து' இருத்தலியத்தைப் பரப்பும் நோக்கம் கொண்டதன்று. இலக்கிய விமர்சனமே அதன் நோக்கம். எனினும், வாசகர் குறைவாக இருப்பதைத் தோல்வியாகக் கருதாத இதழ் ஒன்று தமிழில் நிலைத்து நடக்க முடியும் என்பதை அது காட்டியது. செல்லப்பா தம் வெளியீடுகளைச் சுமந்துகொண்டு ஊர் ஊராக, கல்லூரி கல்லூரியாகச் சென்று விற்றார். சி. மணியின் 'நரகம்' என்னும் நெடுங்கவிதை 1962இல் 'எழுத்து'வில் வந்தது. நகரத்தில் தனித்து அலையும் ஓர் இளைஞனின் மனநிலை தமிழ்க் கவிதையில் அவ்வளவு விரிவாக அதற்கு முன்பு பதிவானதில்லை. அதன் நேரடி ஊற்று எலியட் என்று விமர்சகர்கள் கூறுவது சரியே. ஆனால் அக்கவிதையைப் படித்துப் பழகிய கண்கள்தாம் பின்னர்க் காம்யுவைப் படித்தன. ஆங்கில விரிவுரையாளரான சி. மணி 1968இல் சேலத்திலிருந்து 'நடை' இதழைக் கொண்டுவந்தார். அது சில இதழ்களோடு நின்றது.

இவ்வட்டங்களில் இயங்கியவர்களின் பகல்நேரத் தொழில்களை நோக்கினால் ஒரு செய்தி புலப்படும். ஞானக்கூத்தன் பொதுப்பணித் துறையில் பணிபுரிந்தார். சா. கந்தசாமி இந்திய உணவுக் கழகத்தில் இருந்தார். நகுலன் திருவனந்தபுரத்தில் ஆங்கிலப் பேராசிரியர். சுந்தர ராமசாமி நாகர்கோவிலில் துணிக்கடை நடத்தினார். ஞானி கோவையில் தமிழாசிரியர். இலங்கையில், தமக்கெனத் தனித்ததொரு மெய்யியலையே உருவாக்க முயன்ற மு. தளையசிங்கம் (1935–1973) பள்ளி ஆசிரியர். தத்துவம் இவர்களுள் எவருக்கும் சம்பளம் தந்த துறையன்று.

1974இல் எஸ். ராமகிருஷ்ணன் முன்னின்று தொடங்கிய க்ரியா பதிப்பகம் இவ்வரலாற்றின் திருப்புமுனை. இதழ்களில் சிதறிக் கிடந்த ஆர்வத்திற்கு அது நூல் வடிவம் தந்தது. எஸ்.வி. ராஜதுரையின் 'எக்ஸிஸ்டென்ஷியலிசம்: ஓர் அறிமுகம்' 1975இல் வெளிவந்தது. அந்நூலை எழுதியபோது அவர் பல்கலைக்கழகத் தத்துவத் துறை எதையும் சார்ந்தவர் அல்லர். அவரது 'அந்நியமாதல்' 1979இல் வந்தது. வெ. ஸ்ரீராம் பிரெஞ்சிலிருந்து நேரடியாக மொழிபெயர்த்த காம்யுவின் 'அந்நியன்' 1980இல் வந்தது. சார்த்தரின் நாடகம் ஒன்றும் 'மீளமுடியுமா?' என்ற தலைப்பில் அவராலேயே தமிழாக்கப்பட்டது. 1981இல் அதே பதிப்பகம் சுந்தர ராமசாமியின் 'ஜே.ஜே: சில குறிப்புகள்' நாவலை வெளியிட்டது. அந்நாவலின் கற்பனை எழுத்தாளன் ஜோசஃப் ஜேம்ஸ் இறப்பது 1960 ஜனவரி 5 அன்று. அதாவது, காம்யு கார் விபத்தில் மாண்டதற்கு மறுநாள். தமிழ் நாவலொன்று தன் காலக் கணக்கைப் பிரெஞ்சு எழுத்தாளர் ஒருவரின் மரணத்தைக் கொண்டு தொடங்க முடிந்தது என்றால், அதைப் புரிந்துகொள்ளும் வாசகர்கள் அதற்குள் உருவாகியிருந்தனர். அவர்களை உருவாக்கியவை பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளில் நின்றுபோன இதழ்கள்.

இருத்தல், இருப்பு, அந்நியம்

ராஜதுரை தம் நூலின் தலைப்பில் 'எக்ஸிஸ்டென்ஷியலிசம்' என்ற சொல்லை ஒலிபெயர்த்தே வைத்தார். தனித்தமிழ் உணர்வு வலுவாக இருந்த காலத்தில் இது துணிவான முடிவு; நேர்மையான முடிவும்கூட. அதற்குரிய தமிழ்ச்சொல் அப்போது நிலைபெறவில்லை. இன்றும் இருத்தலியம், இருத்தலியல், இருப்பியல், இருப்புவாதம் என நான்கு வடிவங்களேனும் வழக்கில் உள்ளன. கலைச்சொல் குழு கூடித் தீர்மானிக்காத சொற்கள் இப்படித்தான் தத்தம் வழியில் வளரும்.

இவற்றுள் 'இருப்பு', 'இருத்தல்' ஆகிய இரண்டும் ஒரே வினையடியிலிருந்து பிறந்தவை எனினும் ஒரே பொருளைத் தருவன அல்ல. 'இருப்பு' என்பதைக் கேட்டதும் தமிழ்க் காதில் கணக்கேடும் கிடங்கும் ஒலிக்கும். சரக்கிருப்பு, கையிருப்பு, வங்கியிருப்பு என அது எண்ணிவைக்கப்பட்ட பொருளின் நிலை. சார்த்தர் பொருள்களின் இருப்பையும் மனித உணர்வின் இருப்பையும் வேறுபடுத்துகிறார். அவ்வேறுபாட்டில் 'இருப்பு' என்ற தமிழ்ச்சொல் பொருள்களின் பக்கமே சாய்கிறது. 'இருத்தல்' தொழிற்பெயராதலால் செயலை விடாமல் பற்றியிருக்கிறது. அன்றியும், அகத்திணையில் முல்லைக்குரிய உரிப்பொருள் இருத்தல். பிரிந்த தலைவன் வரும்வரை தலைவி ஆற்றியிருப்பதை அது குறிக்கும். ஆகவே 'இருத்தலியம்' என்ற சொல்லில், அதை உருவாக்கியவர் எண்ணினாரோ இல்லையோ, காத்திருத்தல் என்ற பொருளும் கலந்துவிட்டது. பெக்கெட்டின் நாடகத்தை அறிந்தவர்களுக்கு இது பொருத்தமாகவே தோன்றும்.

இத்தகைய இடங்களில்தான் பயிற்சிபெற்ற தத்துவ அறிஞர்களின் துணை இல்லாமை ஓர் இழப்பாகத் தெரிகிறது. சைவ சித்தாந்தம் உயிரைச் 'சதசத்து' என்கிறது. படிகம் போலத் தான் சார்ந்த பொருளின் வண்ணமாக மாறும் இயல்புடையது என்கிறது. தனக்கென நிலைத்த சாரம் ஏதுமற்று, எப்போதும் பிறிதொன்றை நோக்கியே இருக்கும் உணர்வு என்ற சார்த்தரின் கருத்தோடு இதை ஒப்பிட்டு வேறுபாடுகளைக் காட்டியிருந்தால் தமிழுக்கே உரிய ஒரு விவாதம் எழுந்திருக்கும். சிறுபத்திரிகையாளர்கள் அதைச் செய்யவில்லை. சித்தாந்தம் மடங்களுக்கும் துறைகளுக்கும் உரியதாகவும், இருத்தலியம் தங்களுக்கு உரியதாகவும் அவர்கள் பிரித்துக்கொண்டனர்.

இழப்பு ஒரு பக்கம் இருக்க, எதிர்பாராத ஒரு பேறும் வாய்த்தது. 'அந்நியமாதல்', 'அந்நியன்' என்ற இரு தலைப்புகளும் அடுத்தடுத்த ஆண்டுகளில் ஒரே பதிப்பகத்திலிருந்து வந்தன. முன்னது மார்க்ஸ் 1844ஆம் ஆண்டுக் கையெழுத்துப் படிகளில் விளக்கிய கருத்தாக்கம். தொழிலாளி தான் ஆக்கிய பொருளிலிருந்தும், தன் உழைப்பிலிருந்தும், தன் மனித இயல்பிலிருந்தும், சக மனிதரிடமிருந்தும் விலக்கப்படுவதை அது குறிக்கிறது. பின்னது காம்யுவின் நாவல். பிரெஞ்சில் இவ்விரு கருத்துகளுக்கும் உரிய சொற்கள் ஒன்றோடொன்று ஒலியால் தொடர்புடையன அல்ல. தமிழில் இரண்டும் 'அந்நியம்' என்ற ஒரே அடிச்சொல்லில் நிற்கின்றன. அச்சொல்லுக்குச் சுதேசி இயக்கக் காலம் முதல் அந்நிய ஆட்சி, அந்நியத் துணி என்று அரசியல் பொருளும் ஏறியிருந்தது. ஆகவே 1980இல் ஒரு தமிழ் வாசகர் 'அந்நியன்' என்ற அட்டையைப் பார்த்தபோது, வெளியாள், விலக்கப்பட்டவன், தன் உழைப்பை இழந்தவன் ஆகிய மூன்று பொருள்களும் ஒருசேர எழ வாய்ப்பிருந்தது. பாரிஸில் மார்க்சியரும் இருத்தலியரும் நீண்ட கட்டுரைகள் எழுதி இணைக்க முயன்றவற்றைத் தமிழ் மொழி ஒரு சொல்லில் இணைத்துவைத்தது. அவ்வாய்ப்பை விமர்சனம் எவ்வளவு பயன்படுத்திக்கொண்டது என்பது வேறு கேள்வி.

குற்றச்சாட்டும் குற்றம் சாட்டியவரும்

புதுக்கவிதையின் பின்னணியில் ஃபிராய்டியமும் இருத்தலியமும் உள்ளன, அவை சமூகத்தின் இயக்கத்திலிருந்து மனிதனைப் பிரித்துக் காட்டும் பிற்போக்குத் தத்துவங்கள் என்று முற்போக்கு விமர்சகர்கள் கண்டித்தனர். அவர்களுள் முதன்மையானவர் நா. வானமாமலை (1917–1980). போரில் சிதைந்த ஐரோப்பாவின் விரக்தியை, போர் நடக்காத தமிழ்நாட்டில் நகல் எடுப்பது போலித்தனம் என்பது அவ்விமர்சனத்தின் சாரம். சுருங்கச் சொன்னால், அது அந்நியச் சரக்கு.

இதில் உண்மை இல்லாமல் இல்லை. அறுபதுகளின் பிற்பகுதியிலும் எழுபதுகளிலும் எழுதப்பட்ட கவிதைகளில் ஒரு பகுதி, படித்த நூலின் மனநிலையை அனுபவத்தின் இடத்தில் வைத்தது. எனினும், ஒரு சிந்தனை பிறந்த இடத்தை வைத்து அதன் பொருத்தத்தை மறுக்கும் வாதம் மார்க்சியத்திற்கும் எதிராகத் திரும்பக்கூடியது. பிராட்லாவும் மார்க்ஸும் வந்த அதே கடல்வழியில்தான் காம்யுவும் வந்தார். கேட்க வேண்டிய கேள்வி, வந்த சிந்தனையைக் கொண்டு இங்கே உள்ள எதைப் பார்க்க முடிந்தது என்பதே.

வானமாமலையின் வாழ்க்கையையே இங்கு எண்ணிப் பார்க்கலாம். அவர் பாளையங்கோட்டையில் தனிப்பயிற்சிக் கல்லூரி நடத்தி வாழ்ந்தார். 1969 முதல் 'ஆராய்ச்சி' இதழைப் பல்கலைக்கழக ஆதரவின்றி நடத்தி, நாட்டார் வழக்காற்றியலுக்குத் தமிழில் ஓர் அடித்தளம் அமைத்தார். அதாவது, தாக்கியவரும் தாக்கப்பட்டவர்களும் ஒரே வகை உழைப்பில் ஈடுபட்டிருந்தனர். இரு தரப்பும் அச்சுக்கோப்பவருக்குக் கூலி கொடுக்கக் கைப்பணத்தைத் தேடின. இரு தரப்புக்கும் சந்தா ஒழுங்காக வரவில்லை. அந்நியமாதலுக்கு எதிரான உழைப்பு எது என்று கேட்டால், கூலிக்காக அல்லாமல் தன் விருப்பத்தால் செய்யப்படும் உழைப்பு என்பதே 1844ஆம் ஆண்டுக் கையெழுத்துப் படிகளிலிருந்து பெறத்தக்க விடை. அவ்வளவில் சிறுபத்திரிகை அக்கருத்தாக்கத்தின் நடைமுறை மறுப்பாகவும் இருந்தது. இதை இரு தரப்பும் கவனித்ததாகத் தெரியவில்லை.

கவனித்தவர் ஒருவரைச் சொல்ல வேண்டுமானால் அவர் கோவை ஞானி. 'பரிமாணம்', 'நிகழ்' ஆகிய இதழ்களின் வழியே அவர் மார்க்சியத்தின் மையமாக அந்நியமாதலை வைத்துப் பேசினார். அதனால் கட்சி சார்ந்த மார்க்சியரின் சினத்திற்கு ஆளானார். பார்வையை இழந்த பின்பும், பிறரைப் படிக்கச் சொல்லிக் கேட்டும் சொல்லி எழுதுவித்தும் 'தமிழ்நேயம்' இதழைத் தொடர்ந்தார். 2020இல் அவர் மறைந்தபோது அவரிடம் எஞ்சியிருந்தவை நூல்களும் நண்பர்களுமே.

துறைமுகத்துக் குமாஸ்தா

வடசென்னையில் வாசிப்பு இல்லாமல் இல்லை. கட்சிகளும் சங்கங்களும் நடத்திய படிப்பகங்கள் அப்பகுதியின் தெருக்களில் நிறைந்திருந்தன. 1918இல் பெரம்பூர் ஆலைத் தொழிலாளரிடையே தோன்றிய சென்னைத் தொழிலாளர் சங்கம் முதல், துறைமுகத்திலும் திருவொற்றியூர், எண்ணூர் மோட்டார்த் தொழிற்சாலைகளிலும் வளர்ந்த சங்கங்கள் வரை, அச்சிட்ட தாளைச் சுற்றி மக்கள் கூடும் பழக்கம் அங்கே வேரூன்றியிருந்தது. ஆனால் அவ்வாசிப்பின் வாயில்கள் இடதுசாரி, திராவிட இயக்கங்களின் கையில் இருந்தன. இடதுசாரி விமர்சனம் இருத்தலியத்தைப் பிற்போக்கு என்று ஒதுக்கியது. மறுபுறம் சிறுபத்திரிகையாளர்களில் பலர் எழுத்தரும் ஆசிரியருமான நடுத்தர வர்க்கத்தினர்; சாதி அடிப்படையிலும் அவர்களது வட்டம் குறுகியதே. அவர்களுக்குத் தெரிந்த நகரம் விடுதி அறையும் கோப்புகள் அடுக்கிய மேசையும். கிரேன் இயக்குபவரின் இரவு முறைவேலையோ, சல்லடைச் சாம்பல் படிந்த எண்ணூர்க் கழிமுக மீனவரின் காலையோ அவர்களது அபத்தத்தின் எல்லைக்குள் வரவில்லை. இரு தரப்பின் விலகலும் சேர்ந்தே அவ்விடைவெளியை உண்டாக்கின.

இதில் ஒரு விந்தை இருக்கிறது. 'அந்நியன்' நாவலின் மெர்சோ ஒரு துறைமுகத்துக் குமாஸ்தா. அல்ஜியர்ஸில் அவன் பணிபுரியும் அலுவலகம் துறைமுகத்தை நோக்கி அமைந்தது. தாயின் அடக்கம் முடிந்து திரும்பியதும் அவனை எதிர்கொள்வது மேசைமீது குவிந்து கிடக்கும் கப்பல் சரக்குச் சீட்டுகள். மதிய வெயிலில் அவனும் சக ஊழியனும் துறைமுகத்திலிருந்து புறப்படும் லாரியைத் துரத்தி ஓடி ஏறுகிறார்கள். காம்யுவே இளமையில் அந்நகரத்தில் கப்பல் தரகர் ஒருவரிடம் வேலை பார்த்தவர். சென்னைத் துறைமுகத்தை ஒட்டிய இராஜாஜி சாலையிலும் மண்ணடியிலும் உள்ள கப்பல் முகவர் அலுவலகங்கள், சுங்கத் தரகர்களின் அறைகள் ஆகியவற்றில் தலைமுறை தலைமுறையாக நிரப்பப்பட்டு வருபவையும் அதே வகைச் சீட்டுகள்தாம். கடற்காற்று, கூசும் வெயில், ஞாயிற்றுக்கிழமை மாலையில் பால்கனியிலிருந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருத்தல் என அந்நாவலின் புறவுலகம் இராயபுரத்து வாசகர் எவருக்கும் விளக்கம் தேவைப்படாதது.

அதே கடற்கரை வெயில் நாவலின் மற்றொரு பக்கத்தையும் காட்டுகிறது. மெர்சோ சுட்டுக் கொல்லும் அரபு இளைஞனுக்கு நாவலில் பெயரே இல்லை. குடியேற்ற ஆட்சியில் வாழ்ந்த நாட்டவர் அந்நாவலைப் படிக்கும்போது 'அந்நியன்' என்ற சொல் யாரைச் சுட்டும் என்பது எளிய கேள்வியன்று. பிரெஞ்சுக்காரனான மெர்சோ அல்ஜீரியாவில் அந்நியனா, தன் மண்ணிலேயே பெயரிழந்த அவ்விளைஞன் அந்நியனா? அந்நிய ஆட்சியை அந்தச் சொல்லாலேயே எதிர்த்த தமிழ் வாசகருக்கு இக்கேள்வி மொழியிலேயே கிடைத்திருந்தது. ஆயினும், 'அந்நியன்' பற்றித் தமிழில் எழுந்த பேச்சு பெரும்பாலும் தாயின் மரணத்திற்கு அழாத மகன், காரணமற்ற கொலை, பொருளற்ற உலகம் என்ற மூன்றையே சுற்றிவந்தது. மேசைமீது குவிந்த சரக்குச் சீட்டுகள் பேசப்படவில்லை. பாரிஸில் தொடங்கவிருக்கும் கிளை அலுவலகத்திற்குச் செல்லச் சம்மதமா என்று மேலாளர் கேட்கும்போது, தனக்கு எல்லாம் ஒன்றுதான் என்று மெர்சோ விடையளிக்கிறான். மேலாளர் அதிருப்தியடைகிறார், பேரார்வம் இல்லாதவன் தொழிலுக்கு ஆகாதவன் என்று கருதுகிறார். மெர்சோ தன் மேசைக்குத் திரும்பி வேலையைத் தொடர்கிறான்.